பட்டியலில் இடம்பெறாத கட்டடங்கள்

நுழையும்முன்

பழைய கட்டடம் ஒன்றை இடிக்கலாமா, காக்க வேண்டுமா என்பதை முடிவு செய்பவர் யார்? உரிமையாளரா, ஊராரா, அரசா? சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள இரண்டு இடங்கள் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளைத் தருகின்றன. ஒன்று, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகப் போற்றப்பட்டுவரும் குன்று. மற்றொன்று, நூறாண்டை எட்டுமுன்பே மறைந்துபோன படப்பிடிப்பு நிலையம்.

பெயரில் எஞ்சிய கோட்டை

சேலம் மாநகரின் நடுவே, திருமணிமுத்தாற்றங்கரையை ஒட்டிக் 'கோட்டை' என்றொரு பகுதி உண்டு. கோட்டை மாரியம்மன் கோயிலும் கோட்டை அழகிரிநாதர் கோயிலும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர் அங்கே மதிலையும் அகழியையும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய நகர்ப்பகுதியே கண்ணிற்படும். கோட்டை மறைந்தது, பெயர் மட்டும் மக்கள் நாவில் தங்கிவிட்டது.

ஒரு கோட்டை ஒரே நாளில் மறைவதில்லை. காவலுக்கான தேவை தீர்ந்தபின் மதிற்கற்கள் வேறு வேலைகளுக்குப் போகும், அகழி தூர்ந்துபோகும், தூர்ந்த இடத்தில் பாதை விழும். ஒவ்வொரு மாற்றமும் அந்தந்தக் காலத்தில் இயல்பானதாகவே தோன்றும். சேலம் நகராட்சி 1866-இல் அமைந்தது. தெருவிளக்கு, துப்புரவு, குடிநீர் ஆகியவையே அன்றைய நகராட்சிகளின் தலையாய பணிகளாக இருந்தன. பழைய கட்டடங்களைப் பேணுவதும் ஊராட்சியின் கடமைகளுள் ஒன்று என்னும் எண்ணம் இந்தியாவில் வேரூன்ற அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நாமக்கல் குன்றும் நூறு மீட்டரும்

சேலத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் நாமக்கல் உள்ளது. ஊரின் நடுவில் ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் உச்சியில் கோட்டை இன்றும் இருக்கிறது. குன்றின் இரு பக்கங்களில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரைக் கோயில்கள் அமைந்துள்ளன. அதியர் மரபில் வந்த குணசீலன் என்பவன் எடுப்பித்த குடைவரை, கல்வெட்டில் 'அதியேந்திர விஷ்ணு கிருகம்' எனக் குறிக்கப்படுகிறது. இக்குடைவரைகள் கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இந்தக் குன்றைச் சுற்றியிருப்பது சிற்றூர் அன்று. சரக்குந்து உடற்கட்டமைப்புத் தொழிலுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல், 1997-இல் மாவட்டத் தலைநகரானது. 2024-இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. இத்தகைய ஊரின் நடுப்பகுதியில் ஒவ்வோர் அடி நிலமும் விலைமதிப்புடையது. அவ்வாறிருந்தும் குன்றின் அடிவாரத்தை அடுக்குமாடிகள் சூழ்ந்து மறைத்துவிடவில்லை. இதற்குச் சட்டமே முதன்மைக் காரணம்.

நாமக்கல் கோட்டையும் குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும், 2010-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இத்தகைய ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி இரண்டு வளையங்களை வரைகின்றன. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் 100 மீட்டர் வரை உள்ளது தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றே கட்டலாம். பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தெரிந்து தெளிவோம்
பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒரு புள்ளி அளவே உடையது எனக் கொண்டாலும், அதைச் சுற்றி 300 மீட்டர் ஆரத்தில் அமையும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 28 எக்டேர், அதாவது சுமார் 70 ஏக்கர். நாமக்கல் குன்று புள்ளியன்று. ஆகவே அங்கு இப்பரப்பு இன்னும் பெரிது.

வளையத்திற்குள் வாழ்வோர்

எழுபது ஏக்கர் என்பது நகரத்தில் பல தெருக்கள். அத்தெருக்களில் மக்கள் வாழ்கின்றனர். குன்றின் பாதுகாப்பு எல்லையிலிருந்து 60 மீட்டர் தொலைவில் ஓட்டுவீடு உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மகனுக்குத் திருமணம் ஆகிறது. மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும். சட்டத்தின் பார்வையில் பக்கவாட்டில் நீட்டுவது மட்டுமின்றி, மேல்நோக்கி உயர்த்துவதும் புதுக் கட்டுமானமே. எனவே அந்த அறைக்கு வழியில்லை. 1992 ஜூன் 16-ஆம் நாளுக்கு முன்பிருந்தே உள்ள வீடாயின், அதைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். நூறு, இருநூறு மீட்டர் எல்லைகளை முதன்முதலில் அறிவித்த அரசிதழ் வெளியான நாள் அது.

இக்குடும்பம் சின்னத்திற்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்களுடைய முன்னோர் அங்கே குடியேறியபோது இத்தகைய சட்டமும் இல்லை. குன்றைக் கண்டு மகிழ்வோர் நாடெங்கும் இருக்க, அதன் விலையைக் கொடுப்போர் மட்டும் அந்தச் சில தெருக்களில் இருக்கின்றனர். மரபுச் சின்னங்களைக் காக்க வேண்டும் என்று பேசுவோர் பலரும் இந்தப் பக்கத்தை எளிதில் கடந்துவிடுகின்றனர். சட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு சின்னத்திற்கும் அதன் சூழலுக்கு ஏற்பத் தனித்தனி மரபுத் துணைவிதிகளை வகுக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. வயல்வெளியில் நிற்கும் சங்ககிரி மலைக்கோட்டைக்கும், கடைவீதியின் நடுவே நிற்கும் நாமக்கல் குன்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது அல்லவா?

ஏற்காடு சாலையில் ஒரு வளைவு

நாமக்கல் குன்றைக் காக்கும் சட்டம் சேலத்தின் மற்றொரு பெருமைக்கு உதவவில்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். திரைத்தொழில் சென்னையில் குவிந்திருந்த காலத்தில், மாவட்டத் தலைநகர் ஒன்றில் படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் பதப்படுத்தும் கூடம் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இயங்கின. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இந்நிறுவனத்தின் தயாரிப்பே. பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றிய 'உத்தமபுத்திரன்' (1940), கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரிகுமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவையும் இந்நிறுவனம் அளித்தவையே. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அளித்த நிறுவனம் இது. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் மாதக்கணக்கில் சேலத்தில் தங்கிப் பணியாற்றினர்.

சுந்தரம் 1963-இல் மறைந்தார். பின்னர் நிறுவனம் நலிந்தது, தளங்கள் மூடப்பட்டன, வளாகம் குடியிருப்பு மனைகளாயிற்று. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியுள்ளது. 2023-இல் அவ்வளைவு நிற்கும் நிலம் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா, தனியாருக்கு உரியதா என்ற வினா எழுந்தபோது ஊரெங்கும் அது பேச்சானது. வளாகம் முழுவதும் மறைந்தபோது எழாத பேச்சு, எஞ்சிய வாயிலுக்காக எழுந்தது.

மாடர்ன் தியேட்டர்ஸை ஏன் சட்டம் காக்கவில்லை? 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொன்மைச் சின்னம் எனப்படுவது குறைந்தது நூறாண்டுப் பழமை உடையதாக இருத்தல் வேண்டும். 1935-இல் தோன்றியது அந்த வயதை எட்ட 2035 வரை காத்திருக்க வேண்டும். அரசர் எடுத்தவற்றையும் சமயம் சார்ந்தவற்றையும் காப்பதற்கு இவ்விதி போதும். தொழிற்கூடம், திரையரங்கு, பள்ளி, சந்தை, புகைவண்டி நிலையம் போன்ற அண்மைக்கால வரலாற்றின் கட்டடங்கள் நூறாண்டு நிறையுமுன்பே இடிந்துபோகின்றன. அவற்றைக் காக்க வேறொரு கருவி வேண்டும். அக்கருவி ஊரின் கையில் உள்ள பட்டியல்.

ஒரு பட்டியலின் கதை

சென்னை அண்ணாசாலையில் இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்த கார்டில் கட்டடம் 1897-இல் திறக்கப்பட்டது. பின்னாளில் அது பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிப் 'பாரத் கட்டடம்' என்று பெயர் பெற்றது. காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று. 2006-இல் அதை இடிக்கும் வேலை தொடங்கியது. கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளை நீதிமன்றத்தை நாடியது, இடிப்பு நிறுத்தப்பட்டது.

இந்த வழக்கில் நீதிமன்றத்திற்கு ஒரு பட்டியல் துணைநின்றது. அது கட்டடங்களைக் காக்கவென்று தொகுக்கப்பட்டதன்று என்பதே வியப்பு. சென்னைச் சாலைகளில் பெருகிய விளம்பரப் பலகைகள் பற்றிய வேறொரு வழக்கில், அப்பலகைகள் மறைக்கக்கூடாத மரபுக் கட்டடங்கள் எவை என்று கண்டறிய நீதிபதி ஈ. பத்மநாபன் தலைமையில் குழு அமைந்தது. அக்குழு 467 கட்டடங்களைக் குறித்தது. பலகைகளை அகற்றப் பிறந்த அப்பட்டியலே, 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் வழியே கட்டடங்களுக்குக் காவலாயிற்று. மரபுப் பாதுகாப்புக் குழுவும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் அமைந்தது. தீர்ப்பு இடிப்பைத் தடுத்ததே தவிர, இடிந்த சுவரை எழுப்பிவிடவில்லை. பாரத் கட்டடம் அதன்பின்னும் நெடுங்காலம் சிதைந்த நிலையிலேயே நின்றது.

சென்னைக்கு முன்பே மும்பை இவ்வழியில் சென்றது. அந்நகருக்கான மரபு ஒழுங்குமுறைகள் 1995-இல் நடைமுறைக்கு வந்தன. கட்டடங்கள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் தரத்தில் ஏறத்தாழ எதையும் மாற்றலாகாது, அடுத்த தரங்களில் மாற்றத்திற்கு இடமுண்டு என வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூயார்க்கு நகரம் இதை இன்னும் முன்னதாக, ஓர் இழப்பின் வழியே கற்றது. 1963-இல் அங்கே பென்சில்வேனியா புகைவண்டி நிலையத்தை இடிக்கத் தொடங்கினர். மக்களின் வருத்தம் 1965-இல் அடையாளக் கட்டடங்களைக் காக்கும் நகரச் சட்டமாயிற்று.

உள்ளாட்சியின் கை

இந்திய அரசமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர்ப்புறத் திட்டமிடலோடு பண்பாடு, கல்வி, அழகியல் கூறுகளை வளர்ப்பதையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் சேர்த்துள்ளது. இதற்கெனப் புதிய அலுவலகம் வேண்டுவதில்லை. வீடு கட்டவும் பழையதை இடிக்கவும் ஒருவர் வரைபடத்தோடு வருமிடம் உள்ளாட்சி அலுவலகமே. அந்த மேசையில் பட்டியல் ஒன்று இருந்தால், 'இக்கட்டடம் பட்டியலில் உள்ளது. குழுவின் கருத்தைக் கேட்டபின் முடிவு சொல்லப்படும்' என்று அலுவலர் கூற இயலும். பட்டியல் இல்லையெனில், விதிப்படி அமைந்த விண்ணப்பத்தை மறுக்க அவருக்கு முகாந்திரம் இல்லை.

தனிக் கட்டடத்தை மட்டுமன்றிச் சூழலையும் காக்க விதி செய்யலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ. தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக்கூடாது என 1997-இல் அரசு ஆணையிட்டது. கோபுரம் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆணையை மீறிய கட்டடங்கள் பற்றிய வழக்குகள் பின்னர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றன. விதி எழுதுவது எளிது. ஒவ்வொரு மாடியும் எழும்போதே அளந்து பார்ப்பதுதான் கடினம்.

உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்யவும் வழி உண்டு. மரபுக் கட்டடத்தின் மேல் அவர் கட்டியிருக்கக்கூடிய தளப்பரப்பை வேறொரு மனையில் பயன்படுத்தவோ பிறருக்கு விற்கவோ இசைவளிக்கலாம். மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை எனப்படும் இம்முறை நியூயார்க்கு, மும்பை ஆகிய நகரங்களில் கையாளப்பட்டது. நாமக்கல் குன்றடி வீட்டிலும் சேலத்துப் பழைய மாளிகையிலும் வாழ்வோர்க்குப் பாராட்டுரையைவிட இதுவே பயன்படும்.

மரபுக் கட்டடங்களை இனங்காண்பதற்கென ஆணையம் அமைக்க வகைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2012-இல் இயற்றப்பட்டு, 2024-இல் நடைமுறைக்கு வந்தது. ஆணையம் சென்னையில் இருந்தாலும், எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் நிற்கிறது என்பதை ஊரில் இருப்போரே அறிவர். ஒரு கட்டடத்தைப் பட்டியலிடத் தேவைப்படும் செய்திகள் சிலவே: புல எண், உரிமையாளர், கட்டிய காலம், சுவரும் கூரையும் எப்பொருளால் ஆனவை, அங்கே என்ன நிகழ்ந்தது, நான்கு பக்கமும் எடுத்த நிழற்படம். மாடர்ன் தியேட்டர்ஸ் தளங்கள் நின்ற காலத்தில் இந்த ஒற்றைத்தாளை எழுதி வைக்க எந்தச் சட்டமும் யாரையும் பணிக்கவில்லை.