பிடியில் பிறக்கும் பிழை

கடைசல் பட்டறையில் ஒரு ஜாப்பின் அளவு தவறும்போது பழி பெரும்பாலும் டூலின் மீதோ லேத்தின் மீதோ விழுகிறது. ஆனால் உலோகம் வெட்டப்படுவதற்கு முன்பே, பொருளைப் பிடித்த சக்கிலும் வைஸிலும் பிழை குடியேறிவிடுவதுண்டு என்பது போதிய கவனம் பெறுவதில்லை.

மூன்று தாடை சக் தானாகவே துல்லியமாக மையம் காணும் என்பது பரவலான நம்பிக்கை. இன்று வழங்கும் மூன்று தாடை சக்கினுள் ஸ்க்ரோல் எனப்படும் தட்டு ஒன்று இருக்கிறது, அதன் முகத்தில் சுருளாக வெட்டிய மரைதான் சாவியைத் திருப்பியதும் மூன்று தாடைகளையும் ஒருசேர நகர்த்துகிறது. அச்சுருளின் வளைவு மையத்தருகே இறுக்கமாகவும் விளிம்பருகே அகன்றும் இருப்பதால், தாடையின் பற்கள் எல்லா விட்டங்களிலும் அதனோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. அடிக்கடி பிடிக்கும் விட்டத்தில் தேய்மானமும் கூடுதலாகும். எனவே 0.05 முதல் 0.1 மி.மீ. வரை அவுட், அதாவது சுழலும்போது தெரியும் மைய விலகல், இருப்பது இயல்பே. தாடைகளைத் தனித்தனியாக நகர்த்த வேண்டிய நான்கு தாடை சக் தானாக மையம் காணாது. ஆயினும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பொறுமையாகச் சரிசெய்தால் அது 0.01 மி.மீ.க்குள் பொருளை நிறுத்திவிடும்.

இதைவிடக் கேடானது, இறுக்க இறுக்கப் பிடி நல்லதாகும் என்னும் நம்பிக்கை. மெல்லிய சுவருள்ள வளையம் ஒன்றை மூன்று தாடைகளுக்கிடையே இறுக்கினால், தாடை தொடும் மூன்று இடங்களில் அது உள்ளே அமுங்கி, இடைப்பட்ட இடங்களில் வெளியே புடைக்கிறது. அந்நிலையில் துளையைக் கடைந்தால் துளை உண்மையில் வட்டமாகவே அமையும். சக்கைத் தளர்த்தியதும் வளையம் தன் பழைய வடிவுக்கு மீள, வட்டமாக இருந்த துளை மூன்று புடைப்புகள் கொண்டதாகிவிடும். கொடுமை என்னவெனில், ஒரு புடைப்புக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் அமைவதால், எதிரெதிர் இரு புள்ளிகளைத் தொட்டு அளக்கும் கருவி எத்திசையில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே விட்டத்தையே காட்டும். பிழை இருப்பதே தெரியாமல் பொருள் பட்டறையைவிட்டு வெளியேறும். மூன்று புள்ளிகளில் தொடும் போர் கேஜ்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு மாற்று பலத்தைப் பரவலாக்குவதே: பொருளின் விட்டத்துக்கேற்பச் சக்கிலேயே கடைந்துகொள்ளப்படும் சாஃப்ட் ஜா எனும் அகன்ற மென்தாடை, வளையத்தைச் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கிறது.

மில்லிங் வைஸிலும் இறுக்கமே போதுமெனக் கருதப்படுகிறது. திருகின் விசை கீழே செயல்பட, பொருளின் எதிர்விசை மேலே செயல்படுவதால், நகரும் தாடை சற்றே மேலெழுந்து பொருளையும் தூக்கிவிடுகிறது. அமெரிக்காவின் கர்ட் நிறுவனத்தின் ஆங்லாக் அமைப்பு, நட்டுக்கும் தாடைக்கும் இடையே சாய்வான தொடுபரப்பை வைத்து, முன்னோக்கிய விசையில் ஏறத்தாழ பாதியளவு கீழ்நோக்கியும் இழுக்குமாறு செய்தது. தாடையைத் தாழ்த்திப் பிடிக்கும் அந்த எண்ணம் போற்றத்தக்கது. சாதாரண வைஸில் பொருள் அமர்ந்திருக்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை: பொருளுக்கும் அதைத் தாங்கும் பேரலல் கட்டைகளுக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டுகளை வைத்து இறுக்கியபின் இழுத்துப் பார்க்கையில், ஒரு துண்டு உருவிக்கொண்டு வந்தால் அந்த மூலையில் பொருள் தூக்கியே நிற்கிறது.