கரியும் இரும்பும் வளர்த்த அமைதி

ஐரோப்பாவில் ரைன் ஆற்றை அடுத்த நிலங்கள் கனிவளம் மிக்கவை. ஜெர்மனியின் ரூர்ப் பகுதியில் நிலக்கரி மிகுதி. பிரான்சின் லொரேன் பகுதியில் இரும்புத்தாது மிகுதி. எஃகு செய்வதற்கு இரண்டும் வேண்டும். ஆதலின் அந்நிலங்கள் ஒன்றற்கொன்று துணையாய் அமைந்தன. ஆனால், அவற்றை ஆண்ட நாடுகளோ பகை கொண்டு நின்றன.

1871-இல் போரில் வென்ற ஜெர்மனி, அல்சேசையும் லொரேனின் ஒரு பகுதியையும் கைக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சு அவற்றை மீட்டது. ஜெர்மனி இழப்பீடாகத் தரவேண்டிய கரியை முறையாகத் தரவில்லை என்று, 1923-இல் பிரான்சும் பெல்ஜியமும் ரூருக்குள் படை செலுத்தின. 1940-இல் ஜெர்மனி பிரான்சை வென்றது. எழுபது ஆண்டுகளில் மூன்று பெரும்போர்கள் நிகழ்ந்தன.

வாணிகம் பெருகினால் போர் ஒழியும் என்பர் சிலர். அஃது ஓரளவே உண்மை. 1914-க்கு முன்னரும் ரூரின் கரி பிரான்சுக்குச் சென்றது. லொரேனின் தாது ஜெர்மனிக்குச் சென்றது. ஆயினும் போர் மூண்டது. ஏன்? பண்டங்கள் எல்லையைக் கடந்தன, அச்சம் அகலவில்லை. அயல்நாட்டு எஃகு கலப்பை ஆகுமோ, பீரங்கி ஆகுமோ என்னும் ஐயம் இருபாலும் நிலைத்திருந்தது.

இவ்வையத்தை நீக்க வழி கண்டவர் ழான் மொனே என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் வகுத்த திட்டத்தை, பிரான்சின் வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் ஷூமான் 1950 மே 9-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். ஷூமான் 1919 வரை ஜெர்மானியக் குடிமகனாய் இருந்து, எல்லை மாறியபின் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். இரு நாட்டுத் துயரையும் அறிந்தவர்.

இரு நாடுகளின் கரியையும் எஃகையும் பொதுவானதோர் ஆணையத்தின்கீழ் வைப்பதே அத்திட்டம். பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்கு ஆகிய ஆறு நாடுகள் 1951-இல் பாரிசு நகரில் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் தன் இறைமையில் ஒரு கூற்றை விட்டுக்கொடுத்தது. பிரிட்டன் அதற்கு இசையாது விலகி நின்றது.

விட்டுக்கொடுத்தவை இழந்தது சிறிது, பெற்றது பெரிது. போர்க்கருவிக்கு மூலமான பொருள்கள் பொதுவாயினமையின், ஒரு நாடு மற்றொன்று அறியாமல் படைக்கலம் பெருக்குதல் அரிதாயிற்று. ஐம்பது ஆண்டுக் காலவரையுடைய அவ்வுடன்படிக்கை 2002-இல் முடிவுற்றது. அதற்குள் அவ்வுறவு ஐரோப்பிய ஒன்றியமாய் வளர்ந்துவிட்டது. பிரான்சும் ஜெர்மனியும் பின்னர்ப் போர் புரியவே இல்லை.

கொடுக்கல் வாங்கல் மட்டும் பகையைத் தீர்ப்பதில்லை. ஒருவர் கணக்கை மற்றவர் காணுமாறு திறந்து வைத்தலே நம்பிக்கையை வளர்க்கும். நம்பிக்கை உள்ள இடத்தில்தான் வாணிகம் அமைதிக்குத் துணையாகும்.