விளையாட்டுப் படமும் பங்குத் தொகையும்

கோவை நேரு ஸ்டேடியத்திலும் பள்ளி மைதானங்களிலும் சிறுவர் போட்டிகள் நடக்கும்போது படம் எடுத்துப் பெற்றோருக்கு விற்பது ஸ்டூடியோக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். அனுமதி தரும் சங்கம் ஒரு பங்கு கேட்பதும் நியாயமே. ஆனால் எதில் பங்கு என்பதை நாம் முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

ஒரு படம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரிண்ட், கவர், ஆள் கூலி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 65 ரூபாய். மிச்சம் 35. விற்பனையில் 20 சதவீதம் கொடுத்தால் நம் கையில் நிற்பது 15 ரூபாய். லாபத்தில் 20 சதவீதம் என்றால் 28. ஆனால் நம் செலவுக் கணக்கைச் சங்கத்தார் சரிபார்ப்பது கடினம், சந்தேகம் வரும். ஆகவே விற்ற படம் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, பில் புத்தகத்தைக் காட்டிப் பணம் கொடுப்பதே நல்லது. விற்காமல் தங்கும் படங்களின் செலவையும் கூட்டிய பிறகே தொகையைச் சொல்ல வேண்டும். இல்லையேல் முதலுக்கே மோசம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே. நம் சொந்தப் பொறுப்பில் எடுத்தால் உரிமை நம்முடையது. இதையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

குழந்தைகளின் படம் என்பதால் பெற்றோர் சம்மதமும் அவசியம். பேசிய தொகையைப் பேசிய தேதியில் கொடுப்பவரையே சங்கத்தார் அடுத்த போட்டிக்கும் அழைப்பார்கள்.