முடி துறந்த சீனா

காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் இரட்டைப் பின்னலிட்டு நாடா கட்டிக்கொள்வது நம் அன்றாட வழக்கம். பின்னல் சற்றுத் தளர்ந்திருந்தால் வகுப்பு ஆசிரியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவே. ஆனால், தலைமுடியை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்காகப் பல்லாயிரம் பேர் உயிரையே ஈந்த நாடொன்று உண்டு. அவர்கள் போராடியது ஆண்களின் முடிக்காக! அந்த நாடு சீனா. பேரரசர்கள் ஆண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் காலத்தில் அந்நாட்டு ஆடவரின் சிகை எவ்வாறு மாறியது, ஏன் மாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெற்றோர் தந்த செல்வம்

சீனப் பேரறிஞர் கன்பூசியஸ் கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவர். தாய் தந்தையரைப் போற்றுதலே அறங்களுக்கெல்லாம் வேர் என்பது அவர் வழிவந்தோரின் கொள்கை. அவர்கள் பெரிதும் மதித்த நூல் ஒன்று, உடல் மட்டுமன்றி முடியும் தோலும்கூடப் பெற்றோர் அளித்த கொடையே என்றும், அவற்றைப் பழுதின்றிக் காப்பது மகனுடைய கடமையின் தொடக்கம் என்றும் கற்பித்தது. ஆகவே ஆடவர்கள் முடியை நீள வளர்த்து, உச்சியில் கொண்டையாக முடிந்துகொண்டனர்.

சிறு பிள்ளைகளுக்கு முடியை இரு பக்கமும் குட்டிக் கொம்புகளைப் போல முடிந்துவிடுவர். உயர்குடி இளைஞனுக்கு இருபது வயதானதும் ஒரு சடங்கு நடைபெறும். முடியை உச்சியில் சேர்த்துக் கட்டி, தலையில் குல்லாய் சூட்டி, அவனுக்குப் புதிய பெயர் ஒன்றும் இடுவர். அன்று முதல் அவன் பொறுப்புள்ள மனிதன். பெண்களுக்குப் பதினைந்து வயதில் கொண்டை ஊசி செருகும் சடங்கு இருந்தது.

அக்காலக் கொண்டைகளை இன்றும் நேரில் காணலாம். 1974இல் சியான் நகரருகே கிணறு தோண்டிய உழவர்களின் மண்வெட்டியில் சுடுமண் சிலைகளின் துண்டுகள் தட்டுப்பட்டன. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய முதற் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக் காவற்படை அது! ஆளுயர வீரர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அணிவகுத்து நிற்கின்றனர். பலருடைய கொண்டை தலையின் வலப்புறமாக அமைந்திருக்கிறது. பின்னலின் இழைகளைக்கூடச் சிற்பிகள் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள்.

முடி பெருமையென்றால், அதை இழப்பது அவமானமன்றோ? சின், ஹான் வம்சங்களின் காலத்தில் தலையை மழிப்பது குற்றவாளிகளுக்குரிய தண்டனைகளுள் ஒன்று. கி.பி. 220இல் மறைந்த படைத்தலைவர் சாவ் சாவ் பற்றி ஒரு கதை வழங்குகிறது. உழவரின் கோதுமைப் பயிரை மிதிப்பவனுக்கு மரண தண்டனை என்று அவர் கட்டளையிட்டார். அவருடைய குதிரையே மிரண்டு வயலில் பாய்ந்துவிட்டது! தலைவரே இறந்தால் படையை நடத்துவது யார்? தலைக்கு ஈடாகத் தம் முடியை வெட்டித் தரையில் எறிந்தாராம். முடியிழப்பை எவ்வளவு பெரிய தண்டனையாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

ஒரு குருவானவரின் தாடி

இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்தவர் இயேசு சபைக் குருவானவர் மத்தேயு ரிச்சி. இத்தாலியில் பிறந்து, 1580இல் நம் அண்டையிலுள்ள கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582இல் மக்காவ் சென்று சேர்ந்தார். சீன மக்கள் தம்மைத் துறவி என்று அறியும்பொருட்டு, முதலில் புத்த பிக்குகளைப் போலத் தலையும் தாடியும் மழித்துக்கொண்டார். ஆனால் கற்றோர் அவரை அதிகம் மதிக்கவில்லை. ஆகவே 1595இல் முடியும் தாடியும் வளர்த்து, சீன அறிஞரின் அங்கியை அணியலானார். கற்றவர்கள் அவரைத் தேடி வந்து உரையாடினர். 1601இல் தலைநகர் பீக்கிங்கில் தங்க அனுமதி கிடைத்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகளும் இதே வழியைத் தமிழகத்தில் பின்பற்றியதை நாம் அறிவோம். ரிச்சி அடிகளாரை 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

பத்து நாள் கெடு

1644இல் மிங் வம்சம் வீழ்ந்தது. வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தார் பீக்கிங்கைக் கைப்பற்றிச் சிங் வம்ச ஆட்சியை நிறுவினர். அவர்களுடைய ஆடவர் முன்தலையை மழித்து, பின்முடியைச் சடையாகப் பின்னித் தொங்கவிடுவர். நம் முன்னோரின் குடுமியைப் பிரித்துப் பின்னியதாக எண்ணிக்கொண்டால், அத்தோற்றம் ஓரளவு மனக்கண்ணில் தெரியும்.

பேரரசர் ஏழு வயதுச் சிறுவர். அவர் பெயரால் ஆண்டவர் சிற்றப்பா தோர்கோன். அவர் 1645இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆணை எட்டிய பத்து நாள்களுக்குள் சீன ஆடவர் அனைவரும் மஞ்சு முறைப்படி மழித்துக்கொள்ள வேண்டும், மறுப்பவருக்கு மரணம். தலை வேண்டுமா, முடி வேண்டுமா என்று அரசே கேட்டது போலாயிற்று. பெண்களுக்கு இந்த ஆணை இல்லை. தாவோ சமயத் துறவிகள் தம் கொண்டையை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர்.

ஆட்சி மாறியதைப் பொறுத்துக்கொண்ட ஊர்கள்கூட இந்த ஆணையைக் கேட்டதும் கொதித்தெழுந்தன. அரசருக்கு வரி கட்டலாம். பெற்றோருக்குத் துரோகம் செய்யலாமா என்பதே அவர்கள் கேள்வி. யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜியாங்யின் நகர மக்கள், யான் யிங்யுவான் என்ற முன்னாள் சிற்றலுவலரின் தலைமையில் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு 81 நாள்கள் போராடினர். இறுதியில் நகரம் வீழ்ந்தது; மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். ஜியாடிங் நகரில் மும்முறை படுகொலை நிகழ்ந்தது.

அவமானம் வழக்கமாயிற்று

காலம் எதையும் பழக்கிவிடுகிறது. அஞ்சி மழித்துக்கொண்டவரின் மக்கள் அதை வழக்கமாகக் கொண்டனர். பேரர்கள் அதையே அழகு என்றனர். நாவிதர்கள் தெருத்தெருவாகச் சென்றனர். அவர்கள் தோளில் சுமந்த காவடித்தடியின் ஒரு முனையில் வெந்நீர் அடுப்பு; மறுமுனையில் இழுப்பறையோடு கூடிய சிறு ஆசனம். இருவர் செய்ய வேண்டிய காரியத்தில் ஒருவர் மட்டும் ஆர்வங்காட்டினால், நாவிதர் காவடியைப் போல ஒரு முனையில்தான் சூடு என்று சீனர் கேலி செய்வர்.

ஆயினும் சடை அரசுக்கு அடங்கியதன் அடையாளமாகவே இருந்தது. 1851 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கிளர்ச்சியில் சேர்ந்தவர்கள் முன்தலையை மழிக்காமல் விட்டனர். அதனால் அவர்களுக்கு நீள்முடியர் என்றே பெயர் வந்தது.

பிழைப்புக்காகக் கடல் கடந்த சீனரின் சடையும் சோதனைக்கு உள்ளானது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம், சிறைக்கு வரும் ஆண்களின் முடியை ஓர் அங்குல நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்று 1876இல் விதி செய்தது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் குறி சீனர்மீதுதான். சிறையில் சடையை இழந்த ஹோ ஆ கோ என்ற தொழிலாளர் வழக்குத் தொடுத்தார். 1879இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஓர் இனத்தை மட்டும் புண்படுத்துவதற்காகச் செய்யப்படும் விதி நீதியாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இருபது நாள் கெடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இளைஞர்கள் சடையை அடிமைத்தனத்தின் சின்னமாகக் கண்டனர். புரட்சித் தலைவர் சன் யாட் சென் 1895இல் ஜப்பானில் தம் சடையை வெட்டிக்கொண்டார். ஜப்பானில் படித்த எழுத்தாளர் லூ சுன் 1903இல் அவ்வாறே செய்தார். 1909இல் தாயகம் திரும்பியபோது, ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிப் பொய்ச்சடை ஒன்றை விலைக்கு வாங்கி அணிய வேண்டியதாயிற்று!

1911இல் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரி 12இல் ஆறு வயதுப் பேரரசர் பூயி முடி துறந்தார். அடுத்த மாதமே குடிமக்களும் முடி துறக்க நேர்ந்தது! இருபது நாள்களுக்குள் சடையை வெட்ட வேண்டும் என்று குடியரசு ஆணையிட்டது. நகர வாயில்களில் வீரர்கள் கத்தரிக்கோலுடன் நின்றனர். வெட்டுண்ட சடையைக் கையில் ஏந்தி அழுத எளியவர்களும் இருந்தனர். அரண்மனைக்குள் வாழ்ந்த பூயியும் 1920களின் தொடக்கத்தில் தம் சடையை வெட்டிக்கொண்டார்.

நாம் கற்கும் பாடம்

1645இல் சடை வேண்டாம் என்று மக்கள் மடிந்தனர். 1912இல் அவர்கள் வழிவந்தோரில் சிலர், சடை போகிறதே என்று கலங்கினர். இவ்விரண்டும் முரணாகத் தோன்றலாம். ஆனால் இரு முறையும் அவர்களைப் புண்படுத்தியது ஒன்றே. தம் தந்தையரிடமிருந்து பெற்றதை, தம் மனம் இசையாமல், பிறர் கை பறித்தது. ரிச்சி அடிகளாரோ அன்பின் பொருட்டுத் தாமே மனமுவந்து தம் தோற்றத்தை மாற்றிக்கொண்டார். அதனால் அவர் எதையும் இழக்கவில்லை. கட்டாயத்தால் வருவதற்கும் அன்பால் வருவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் வகுப்புக்குப் புதிதாக வரும் ஒரு தோழியின் சிகையோ உடையோ வேறாக இருக்கக்கூடும். சிரிப்பு வருமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதன் பின்னே அவளுடைய தாயின் கை இருக்கிறது. நம் தலைமுடி ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கும் இறைத்தந்தை, அவளுடையதையும் எண்ணி வைத்திருக்கிறார்.