ஓங்காரேஸ்வரத்தில் தீவைச் சுற்றுங்கள்

காலையில் உஜ்ஜயினி, மதியம் ஓங்காரேஸ்வரம், இரவு இந்தூரில் ரயில் என்று திட்டம் போடுவோரிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: ஓங்காரேஸ்வரத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்குங்கள். கூட்ட நாளில் ஜோதிர்லிங்கத்தின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். அவ்வளவு தொலைவு வந்தவர், அந்தக் கோயில் இருக்கும் மாந்தாதா தீவை வலம் வராமல் திரும்பினால் யாத்திரையில் பாதியை விட்டுவிட்டுப் போகிறார். சுமார் 7 கி.மீ. பாதை அது. வழிநெடுகக் கீதைச் சுலோகங்கள் பொறித்த கற்கள். கோயிலிலிருந்து மேற்கே நடந்தால் சங்கமம் வரும். தீவின் வடபுறம் ஓடும் நர்மதைக் கிளைக்கு அங்கே காவேரி என்றே பெயர் (நம் ஊர்க்காரருக்குக் கால் தானாக நிற்கும்). பிறகு ஏற்றம். மேலே கௌரி சோமநாதர் கோயிலின் பெரிய கருநிற லிங்கம். அப்பால், பீடத்தைச் சுற்றி யானைகள் செதுக்கிய, சிதைந்தும் கம்பீரம் குறையாத சித்தநாதர் கோயில்.

மூலவரைப் பார்த்தாயிற்று, அது போதாதா என்று கேட்பார்கள். இந்தத் தலத்தின் மரபே அதற்கு இடம் தரவில்லை. தென்கரை மம்லேஷ்வரையும் தீவின் ஓங்காரேஸ்வரரையும் சேர்த்தே ஒரு ஜோதிர்லிங்கமாகக் கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தரிசனம் நிறைவதில்லை. 1,312 கி.மீ. நீளமுள்ள நர்மதையை முழுதும் வலம் வரும் பரிக்கிரமாவாசிகளோ, ஆற்றைக் கடக்கக்கூடாது என்ற விதியால், நடை முடியும்வரை தீவில் கால் வைப்பதே இல்லை. அவர்களுக்கு நடை முதலில், சன்னிதி பிறகு.

முதியோரால் ஏறமுடியாது என்பது நியாயமான தடை. நீரோட்டம் இடங்கொடுக்கும் நாளில் படகில் தீவைச் சுற்றலாம். கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர் மம்லேஷ்வரில் ஆற அமர உட்காரட்டும். வெயிலுக்கு அஞ்சுவோர் விடியலில் கிளம்பினால் ஏற்றம் எளிது. இரவு தங்கச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். சயன ஆரத்தி இன்னொன்று: சிவனும் பார்வதியும் ஆட என்று சொக்கட்டான் பலகை விரித்துவிட்டுத்தான் நடை சாத்துகிறார்கள்.

நீராடும்போது மட்டும் அவசரமும் துணிச்சலும் வேண்டாம். சற்று மேலேதான் ஓங்காரேஸ்வர் அணை. மின் உற்பத்திக்கு நீர் திறந்தால் மட்டம் சட்டென உயரும். சைரன் கேட்டால் உடனே கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறைகளுக்குப் போகவே வேண்டாம்.