பேசும் இசைக்கருவியும் தமிழ்ப் புணர்ச்சியும்

இளம் அறிவியல் (கணினி அறிவியல்), மூன்றாம் ஆண்டு

கையடக்க இசைக்கருவியைப் பாட்டுக் கேட்கும் பெட்டி என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு சிறு கணிப்பொறி. செயலி, நினைவகம், சேமிப்பகம், எண்களை ஒலியாக மாற்றும் சில்லு ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. இவற்றை இயக்கும் நிரல் தொகுப்பே ‘ஃபர்ம்வேர்’ எனப்படும். பெரும்பாலும் அந்நிரலைப் படிக்கவோ திருத்தவோ வாங்கியவருக்கு வழியில்லை. அவ்வழி திறந்தால் விளையும் நன்மையை எங்கள் முயற்சி ஒன்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராக்பாக்ஸ்

பிரான்ஸ் நாட்டு ஆர்க்கோஸ் நிறுவனத்தின் ‘ஜூக்பாக்ஸ்’ கருவியில் இருந்த நிரல் ஸ்வீடன் நாட்டு நிரலாளர்கள் சிலருக்கு நிறைவளிக்கவில்லை. பியோர்ன் ஸ்டென்பெர்க் முதலியோர் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கு வேறொரு நிரலைத் தாமே எழுதத் தொடங்கினர். அதுவே ‘ராக்பாக்ஸ்’. அக்கருவியின் நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே. ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டதால் அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பின்னர் ஐரிவர், ஐபாட், சான்சா முதலிய பல கருவிகளுக்கும் அது சென்றது. அதன் 4.0 பதிப்பு 2025-இல் வெளிவந்தது.

நாற்றும் வயலும்

ஒரு கருவிக்கு எழுதிய நிரலை வேறொரு கருவியில் இயங்கச் செய்வதைப் ‘போர்ட்டிங்’ என்பர். மேலூர்ப் பக்கத்து மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். நாற்றங்காலில் வளர்ந்த நாற்று ஒன்றேயாயினும், நடப்போகும் வயலின் மண்ணும் நீரும் வேறு. வயலைப் பண்படுத்திய பின்பே நட முடியும்.

முதலில் கருவியைத் திறந்து சில்லுகளின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நம் நிரலை உள்ளே செலுத்தும் வழியைக் காண வேண்டும். நிறுவனம் பூட்டி வைத்திருந்தால் இதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். பிறகு, மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடும் ‘பூட்லோடர்’ என்னும் சிறு நிரலை எழுத வேண்டும். திரையின் பின்விளக்கு ஒருமுறை எரிந்தாலே முதல் வெற்றி எனலாம். அதன்பின் திரை, பொத்தான், சேமிப்பகம், ஒலி, மின்கலம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இயக்கி நிரல் எழுத வேண்டும். பாட்டுப் பட்டியல், அமைப்புகள் முதலிய மேற்பகுதி பெரும்பாலும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது.

எங்கள் முயற்சி

எங்கள் கல்லூரியில் வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் பார்வையற்றவர். பாடங்களை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் படிப்பவர். பதிவுகள் நூற்றைத் தாண்டியதும் வேண்டிய பாடத்தைத் தேடி எடுப்பது அவருக்குப் பெரும்பாடாயிற்று. தொட்டறியும் பொத்தான்களும் பேசும் பட்டியலும் உடைய கருவியே தமக்கு உதவும் என்றார். ராக்பாக்ஸில் பேசும் பட்டியல் உண்டு. ஆகவே திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ‘சான்சா கிளிப் பிளஸ்’ ஒன்றை வாங்கினோம். ராக்பாக்ஸ் ஏற்கனவே சென்று சேர்ந்த கருவி அது. எஞ்சியது தமிழ்க் குரலே.

ராக்பாக்ஸின் மொழிக்கோப்பில் ஒவ்வொரு தொடருக்கும் ஆங்கில மூலம், திரையில் தோன்றுவது, ஒலிப்பது என மூன்று பகுதிகள் உண்டு. நாங்கள் திரையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஒலிக்கும் பகுதியை மட்டும் தமிழில் எழுதினோம். தமிழ்த்துறைத் தோழி ஒருவர் குரல் கொடுத்தார்.

முதற்பாடம் நண்பரிடமிருந்தே கிடைத்தது. ‘ஒலி அளவு’, ‘ஒலி அமைப்பு’, ‘ஒலிச் சமநிலை’ என்று நாங்கள் எழுதியிருந்தோம். “எல்லாம் ‘ஒலி’ என்றே தொடங்கினால் ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்? முதல் சொல்லிலேயே எனக்கு வேறுபாடு தெரிய வேண்டும்” என்றார். அவ்வாறே ‘சத்தம்’, ‘இசை அமைப்பு’, ‘இடம் வலம்’ என மாற்றினோம்.

இரண்டாவது பாடம் இலக்கணம். ராக்பாக்ஸ் எண்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒலிக்கிறது. 125 என்பதற்கு ‘ஒன்று’, ‘நூறு’, ‘இருபது’, ‘ஐந்து’ என்னும் நான்கு துண்டுகள். ஆங்கில முறைக்கு இது பொருந்தும். தமிழிலோ ‘ஒன்று நூறு இருபது ஐந்து’ என்று நான்கு எண்களாக அன்றோ கேட்கும்! நாம் சொல்வது ‘நூற்று இருபத்தைந்து’. எண்ணுப்பெயர்கள் சேரும்போது அடையும் திரிபுகளைத் தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியல் விரித்துரைக்கிறது. அந்த விதி எந்த மொழிக்கோப்பிலும் அடங்காது; நிரலிலேயே புகுத்தப்பட வேண்டும்.

எண்களைப் பேசவைக்கும் பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 0 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் தனிப் பதிவு. நூறுகளுக்கு ‘நூறு – நூற்று’, ‘இருநூறு – இருநூற்று’ தொடங்கித் ‘தொள்ளாயிரம் – தொள்ளாயிரத்து’ முடிய இரண்டிரண்டு. ஆக 118 பதிவுகள். பின்னால் வேறு எண் வந்தால் இரண்டாம் வடிவம், வராவிட்டால் முதல் வடிவம் என்று நிரலைத் திருத்தினோம். கணிப்பொறியிலேயே கருவியைப் போல் இயங்கும் ‘சிமுலேட்டர்’ ராக்பாக்ஸில் உண்டு. அதில் சோதித்த பிறகே கருவியில் ஏற்றினோம். இன்று அது ‘கோப்பு நூற்று இருபத்தைந்து’ என்கிறது. நண்பர் வேண்டிய பாடத்தைத் தாமே எடுத்துக் கேட்கிறார்.

முடிவுரை

மூடிய நிரலாயின் இத்திருத்தத்தை நிறுவனத்திடம் வேண்டிக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. திறந்த நிரலாதலின், சி மொழி அறிந்த மாணவரும் புணர்ச்சி அறிந்த மாணவியும் சேர்ந்து அதைச் செய்ய முடிந்தது. குறை எதுவென்று சுட்டியவரோ வரலாற்று மாணவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்களும் பட்டியலில் பாதித் தொடர்களும் இன்னும் எஞ்சியுள்ளன. அவை நிறைவுற்றதும், மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் பணியாற்றிவரும் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் மாணவர்களிடம் கொண்டுசென்று அவர்கள் கருத்தைக் கேட்க விழைகிறோம். மொழிக்கோப்பு எழுத நிரலறிவு தேவையில்லை. நல்ல தமிழும் பொறுமையும் போதும். பிற துறை நண்பர்களின் வரவை எதிர்நோக்குகிறோம்.