‘டிமாரலைஸ்’: ஐந்து படிகளில் பழகலாம்

தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருத்தம் வரும். இனி உழைத்தும் பயனில்லை என்று புத்தகத்தையே மூடிவைத்துவிட்டால், அது வருத்தத்தைத் தாண்டிய நிலை. ஒருவரையோ ஒரு குழுவையோ அந்த நிலைக்குத் தள்ளுவதைச் சொல்லும் ஆங்கில வினைச்சொல் ‘டிமாரலைஸ்’. மனஉறுதியைக் குலைத்தல் என்பது இதன் பொருள்.

1. இரு பொருள்களையும் அறியுங்கள். நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதியில் இதற்கு ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்றே பொருள். படைகளின் ஊக்கத்தைக் குலைத்தல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இன்று அதுவே முதன்மை. பழைய நூல்களில் மட்டும் இடமறிந்து பொருள் கொள்ளுங்கள்.

2. யாரை என்று சொல்லுங்கள். இது செயப்படுபொருள் வேண்டும் வினை. ‘தி டிஃபீட் டிமாரலைஸ்டு தி டீம்’ சரி. உங்கள் மனம் தளர்ந்ததைச் சொல்ல ‘ஐ டிமாரலைஸ்டு’ என்பது பிழை. ‘ஐ வாஸ் டிமாரலைஸ்டு’ என்று எழுதுங்கள். காரணத்தைச் சேர்க்க, பின்னால் ‘பை’ போடுங்கள்.

3. இரு வடிவங்களைப் பிரித்தறியுங்கள். மனம் தளர்ந்தவர் ‘டிமாரலைஸ்டு’. தளரவைத்த தோல்வியோ சொல்லோ ‘டிமாரலைசிங்’. நேர்காணலில் ‘ஐ ஆம் டிமாரலைசிங்’ என்றால், நான் பிறரைச் சோர்வடையச் செய்பவன் என்று பொருளாகிவிடும்.

4. அளவறிந்து சொல்லைத் தேர்ந்தெடுங்கள். சிறு ஏமாற்றத்துக்கு ‘டிசப்பாயின்ட்’ போதும். ஒன்றைச் செய்யவிடாமல் மனத்தைத் திருப்புவதற்கு ‘டிஸ்கரேஜ்’: ‘தே டிஸ்கரேஜ்டு ஹெர் ஃப்ரம் அப்ளையிங்’. இந்த ‘ஃப்ரம்’ அமைப்பு ‘டிமாரலைஸு’க்குப் பொருந்தாது. நம்பிக்கையே ஆட்டம் காணும் இடத்துக்கு மட்டும் அதை வையுங்கள்.

5. ஒலியையும் எழுத்தையும் சரிபாருங்கள். அழுத்தம் இரண்டாம் அசையான ‘மா’வில் விழும். அமெரிக்கர் ‘இசட்’ இட்டு எழுதுவர். பிரிட்டனில் ‘எஸ்’ பரவலான வழக்கு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பயிற்சி: 2020 டிசம்பரில் அடிலெய்டு டெஸ்டில் இந்திய அணி 36 ரன்களில் சுருண்டு தோற்றது. அடுத்த மாதமே பிரிஸ்பேனில் வென்று தொடரை 2-1 எனக் கைப்பற்றியது. இதை ‘தி டிஃபீட் டிட் நாட் டிமாரலைஸ் தெம்’ என்று சொல்லலாம். இதேபோல் உங்கள் வகுப்பிலோ அலுவலகத்திலோ நடந்ததை வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் யார் தளர்ந்தார், எது தளர்த்தியது என்ற இரண்டுக்கும் விடை இருக்கட்டும். இரண்டும் தெளிவாக இருந்தால், இந்தச் சொல் உங்கள் வசப்பட்டுவிட்டது.